போன கல்லும் வந்த கொழுப்பும்

1899இல் சிட்னி நகரத்து வணிக நிறுவனம் ஒன்றில், கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த கல்லொன்றின் மீது ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியரின் கண் விழுந்தது. பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் நௌரு என்ற சிறு தீவிலிருந்து வந்த கல் அது. கல்லாய்ச் சமைந்த மரம் என்றே அலுவலகத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எல்லிஸ் ஒரு துண்டைச் சோதித்துப் பார்த்தார், முதல்தரப் பாஸ்பேட். 1906இல் தீவில் சுரங்க வேலை தொடங்கியது. உடற்பருமனைப் பற்றிய பேச்சில் கல்லுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022இல் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் உடற்பருமனோடு வாழ்ந்தார்கள். பெண்களுக்கான பட்டியலில் முன்னே நிற்பவை டோங்காவும் அமெரிக்க சமோவாவும். ஆண்களுக்கானதில் அமெரிக்க சமோவாவும் நௌருவும். அங்கெல்லாம் வயதுவந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பருத்த உடலினர். ஒரு நாடு முழுதும் பருக்கும்போது காரணத்தைத் தனி மனிதரின் நாக்கில் தேடிப் பயனில்லை. மண்ணிலிருந்து எது போனது, கப்பலில் எது வந்து இறங்கியது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். பெரிய நாடுகளில் இந்தக் கணக்கு ஆயிரம் சந்தைகளிலும் ஆலைகளிலும் சிதறிக் கிடக்கிறது. தீவுகளில் அது ஒரே துறைமுகத்தைக் கடந்து போகிறது. நௌருவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

நௌருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரமாக ஒரு குறுகிய வளமான நிலப்பட்டை, அதில் தென்னை. உள்ளே புவாடா என்ற சிறு குளம், அதைச் சுற்றிக் கொஞ்சம் மரங்கள். நடுவே பவளப் பாறையின் இடுக்குகளில் பாஸ்பேட் அடைந்து கிடந்த மேட்டு நிலம். பன்னிரண்டு குலங்களாகப் பிரிந்திருந்த மக்கள் தேங்காயையும் மீனையும் உண்டார்கள். கடலோரப் பாறையில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்துக் குளத்தில் விட்டு வளர்த்தார்கள். தாழம்பழத்தைக் கூழாக்கி உலர்த்தி, பஞ்ச காலத்துக்கென்று சேமித்தார்கள். தென்னையில் கள் இறக்கினார்கள். 1798இல் அவ்வழியே வந்த ஜான் ஃபெர்ன் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், கண்ட பசுமையில் மயங்கி இதற்கு ‘இனிய தீவு’ என்று பெயர் வைத்தார். அவர் எழுதி வைத்த பெயரை நாமும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மழை பொய்த்தால் ஆண்டுக்கணக்கில் பொய்க்கும் இடம் அது, ஆறு கிடையாது, பசி அங்கே புதிதல்ல. பின்னால் வந்த வெள்ளைக்காரக் கடலோடிகள் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்க்க, 1878 முதல் பத்தாண்டுகள் குலங்கள் ஒன்றையொன்று சுட்டு மாய்த்துக்கொண்டன. 1888இல் ஜெர்மனி தீவைத் தன்னுடையதாக்கித் துப்பாக்கிகளைப் பறித்தது. ஆகவே, பழைய வாழ்வு சொர்க்கம் என்று வாதிட நான் வரவில்லை. அந்த உணவு போதும் போதாததுமாக இருந்தது. ஆனால் அது அந்த மண்ணோடும் கடலோடும் கட்டுண்டிருந்தது. அதைப் பெற உடல் உழைத்தாக வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி.

முதல் உலகப் போர் தொடங்கியதும் ஆஸ்திரேலியா தீவைக் கைப்பற்றியது. 1920இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அதுவரை சுரங்கத்தை நடத்திய பாஸ்பேட் கம்பெனியை 35 லட்சம் பவுனுக்கு வாங்கி, ‘பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்ஸ்’ என்ற அமைப்பை நிறுவின. பங்கு 42, 42, 16 என்று பிரிந்தது. இது லாபத்துக்கு நடந்த வணிகம் என்று சொல்வதுகூட முழு உண்மையல்ல. அடக்க விலைக்கே தங்கள் விவசாயிகளுக்கு உரம் கிடைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நிலத்துக்குரியவர்களுக்குத் தொடக்கத்தில் டன்னுக்கு அரை பென்னி. ஆஸ்திரேலியாவின் மண் பழமையானது, பாஸ்பரஸ் வற்றிப்போனது. சூப்பர் பாஸ்பேட் தூவினால்தான் கோதுமையும் தீவனப் புல்லும் தழைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்தில் விமானத்தில் ஏற்றிய உரத்தைக் குன்றுகளின் மேல் கொட்டினார்கள். ஏர் ஏறாத சரிவுகளெல்லாம் ஆட்டு மேய்ச்சல் ஆயின. நௌருவும் அதன் கிழக்கே 300 கிலோமீட்டரில் இருக்கும் பனாபா தீவும் கரைந்து கரைந்து அந்தப் புல்வெளிகளாயின என்று சொன்னால் அதில் மிகை குறைவு. பனாபாவின் மக்களை 1945இல் ஃபிஜியின் ராபி தீவுக்கே குடியேற்றிவிட்டார்கள்.

கல்லை ஏற்றிப்போக வந்த கப்பல் வெறுமனே வரவில்லை. சீனாவிலிருந்தும் கில்பர்ட் தீவுகளிலிருந்தும் வந்த கூலிகளுக்காக அரிசியும் மாவும் சர்க்கரையும் டின் இறைச்சியும் வந்தன. கடை திறந்தது. நிலவாடகையாகச் சில்லறை கிடைத்த நௌருக்காரர்களும் அங்கே வாங்கப் பழகினார்கள். இந்தக் கட்டத்தில் நடந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1920களில் நிர்வாகம் ஒழுக்கத்தின் பேரால் கள்ளைத் தடை செய்தது. தீட்டிய வெள்ளையரிசியும் வெள்ளை மாவும் ஏற்கெனவே தட்டில் ஏறியிருந்தன. தாய்மாருக்கு பி1 வைட்டமின் தந்துகொண்டிருந்த கடைசி வழி கள்ளில் இருந்த ஈஸ்ட்தான். அது போனதும் கைக்குழந்தைகள் பெரிபெரி கண்டு மடிந்தார்கள். தீவில் பணியாற்றிய பிரே என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டு எழுதி, ஈஸ்ட்டைத் திரும்பக் கொடுக்க வைத்த பிறகே சாவு குறைந்தது. இன்று பருமனுக்குக் காரணம் என்று நாம் சுட்டும் அதே கடைச்சோறு, முதலில் குழந்தைகளைச் சத்தில்லாமல் கொன்றிருக்கிறது. வறுமை நோயும் வளமை நோயும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது இடிக்கும். இரண்டும் ஒரே மூட்டையில் வந்திறங்கியவை. அளவு மட்டும் வேறு. நல்ல எண்ணத்தோடு மேலிருந்து போடும் தடை, கீழே என்ன அறுபடுகிறது என்று பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சாட்சி. பின்னால் தடைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

போர் மிச்சத்தையும் அறுத்தது. 1942இல் ஜப்பான் தீவைப் பிடித்து, மறு ஆண்டு 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கியது. 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 737 பேர். குண்டு விழுந்து, தோப்புகள் அழிந்து கிடந்த கரையில் அவர்கள் வாழ்வைத் தொடங்கியது இறக்குமதிச் சரக்கை நம்பித்தான். சுரங்கமும் உடனே தொடங்கிவிட்டது. 1964இல், தீவை முழுதும் தோண்டி முடித்த பின் குடியேற குவீன்ஸ்லாந்தை ஒட்டிய கர்ட்டிஸ் தீவைத் தருவதாக ஆஸ்திரேலியா சொன்னது. நௌருக்காரர்கள் மறுத்தார்கள். 1968இல், திரும்பி வந்த அதே ஜனவரி 31இல், ஹாமர் டி ரோபர்ட்டின் தலைமையில் விடுதலை பெற்றார்கள். 1970இல் சுரங்கம் அவர்கள் கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் உலகின் மிக உயர்ந்த தனிநபர் வருமானங்களில் ஒன்று அங்கே இருந்தது. மெல்பர்னில் 52 மாடி நௌரு மாளிகை 1977இல் எழுந்தது. சொந்த விமான நிறுவனம் பறந்தது. 1993இல் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்குக்கூட லண்டனில் பணம் கொட்டி இழந்தார்கள். இந்தச் செழிப்பின் நடுவே, 1975இல் பால் ஜிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு தீவில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. மருத்துவ உலகம் அதுவரை அரிதாகவே கேட்டிருந்த அளவு அது.

இதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது. திடீர்ப் பணம் வந்தது, உழைப்பு நின்றது, உட்கார்ந்து தின்றார்கள், பருத்தார்கள். தீவைச் சுற்றி 19 கிலோமீட்டர் மட்டுமே நீளும் சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைகள் சலிக்காமல் எழுதின. இதில் உண்மை இல்லாமலில்லை. சம்பளத்துக்கு வேலை செய்ய வெளியாட்கள் இருந்தார்கள். மீன்பிடி ஓடங்கள் கரையேறின. ஆனால் பணமே காரணமென்றால் பணம் போனதும் உடல் இளைத்திருக்க வேண்டுமே? 1990களில் பாஸ்பேட் வற்றத் தொடங்கியது. முதலீடுகள் மோசடியிலும் ஊதாரித்தனத்திலும் கரைந்தன. 2004இல் நௌரு மாளிகை கடனுக்குப் போனது. அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை. பருமன் இறங்கவில்லை. இறங்க வழியும் இல்லை. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம், தோண்டியெடுத்த பின் ஆளுயரத்துக்கு மேலும் எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் கூர்முனைக் காடாகிவிட்டிருந்தது. குடிநீர்கூட ஒரு காலத்தில் பாஸ்பேட் ஏற்ற வரும் கப்பலின் அடித்தொட்டியில் வந்த இடம் அது. காசு இருந்தபோது கப்பலில் வந்ததில் விலை கூடியதை வாங்கினார்கள். காசு போனதும் மலிவானதை வாங்கினார்கள். மலிவானது என்றால் வெள்ளையரிசி, மாவு, சர்க்கரை, எண்ணெயில் பொரித்த கோழி. டோங்காவிலும் சமோவாவிலும் பாஸ்பேட் புதையல் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே சேப்பங்கிழங்கும் ஈரப்பலாவும் விளைய நிலமும் உண்டு. ஆனாலும் அவர்களும் அதே பட்டியலில் நிற்கிறார்கள் என்றால், சோம்பேறிப் பணக்காரத் தீவு என்ற கதை போதவில்லை என்றுதான் பொருள்.

டோங்காவுக்கும் சமோவாவுக்கும் வந்த சரக்கு என்ன என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். நியூசிலாந்தின் ஆடுகள் நெடுங்காலம் முழு உடலாக உறைந்து பிரிட்டனுக்குப் போயின. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் அந்தக் கதவு பாதி சாத்திக்கொண்டது. முழு ஆட்டை விற்பதைவிடத் துண்டுபோட்டு விற்பதே லாபம் என்றானது. தொடையும் முதுகுக் கறியும் காசுள்ள நாடுகளுக்குப் போயின. விலாவுக்குக் கீழே வயிற்றோரமாகத் தொங்கும், பாதிக்குப் பாதி கொழுப்பான சதை மிஞ்சியது. ‘லாம்ப் ஃப்ளாப்’ என்று வணிகத்தில் பெயர் பெற்ற அந்தச் சதை, பெட்டி பெட்டியாகப் பப்புவா நியூ கினிக்கும் ஃபிஜிக்கும் டோங்காவுக்கும் சமோவாவுக்கும் போனது. டெபோரா கெவர்ட்ஸ், ஃபிரெடரிக் எர்ரிங்டன் என்ற மானிடவியலாளர் இருவர் இந்தச் சதையின் பயணத்தை மட்டுமே பின்தொடர்ந்து 2010இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்கள். சமோவாவுக்கு அமெரிக்காவிலிருந்து இன்னொன்று வந்தது: வான்கோழி வால். அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாளுக்குத் தின்னும் வான்கோழியில் அறுத்து வீசப்படும் கொழுப்புச் சுரப்பி அது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கோழிப்பண்ணை நிறுவனங்கள் அதற்குச் சமோவாவில் ஒரு சந்தையைக் கண்டுபிடித்தன. கணக்கை இப்போது சேர்த்துப் பார்க்கலாம். பசிபிக் தீவுகளின் பாஸ்பேட் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் புல்வெளிகளுக்குப் போனது, புல் ஆடானது, ஆட்டின் நல்ல சதை வேறு கடலுக்குப் போனது, விற்காத கொழுப்பு பசிபிக் தீவுகளுக்கு வந்தது. கோதுமையும் மாவாகி அதே வழியில் திரும்பியது. இதை யாரும் சதி செய்து வகுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வணிகர் தமக்கு லாபமானதைச் செய்தார், அவ்வளவே. சதியாக இருந்திருந்தால் கலைப்பது எளிதாக இருந்திருக்கும்.

அறிவியலின் பக்கமிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ‘சிக்கன மரபணு’ என்ற கருத்தை முன்வைத்தார்: பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களின் உடல் கிடைத்ததையெல்லாம் கொழுப்பாகச் சேமிக்கப் பழகியது, வளம் வந்ததும் அதே திறன் பகையானது. நெடுங்கடலை ஓடத்தில் கடந்து குடியேறிய பசிபிக் மக்களுக்கு இந்தக் கதை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதால், நௌரு அதன் பாடநூல் உதாரணம் ஆனது. முழுதும் தள்ளிவிட முடியாத கருத்துதான். 2016இல் சமோவா மக்களிடம் கண்டறியப்பட்ட சிஆர்இபிஆர்எஃப் என்ற மரபணுவின் ஒரு வடிவம், ஒரு நகலுக்கு உடல் நிறைக் குறியீட்டை ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துகிறது. சராசரி உயரமுள்ளவருக்கு அது நான்கு கிலோவை ஒட்டி வரும். ஆனால் அதே வடிவத்தைக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சிக்கன மரபணுக் கதை எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. நான்கு கிலோ கூடுவதற்கு மரபணு காரணமாகலாம், மிச்சத்துக்கு? மரபணு ஐம்பது ஆண்டுகளில் மாறுவதில்லை, சந்தை மாறும். ஃபிஜியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களில் தமிழர்கள் நிறைய. கடலோடி மரபு எதுவும் இல்லாத இந்த உழவர் வழியினரிடம் 1980இல் ஃபிஜியில் நடந்த ஆய்வு கண்ட நீரிழிவு, மண்ணின் மக்களான ஃபிஜியரைவிட அதிகம். மரபு இரண்டு, கடை ஒன்று. இந்தியர்களுக்கும் தனி மரபணுக் கதை ஒன்று சொல்லலாம்தான், சொல்லியும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் ஒரு தனி மரபணுக் குறையைக் கண்டுபிடித்துக்கொண்டே போவதைவிட, எல்லார் வீட்டுக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது எது என்று கேட்பது சிக்கனமான விளக்கம்.

பண்பாட்டைக் காட்டிச் சொல்லும் மறுப்புக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பருத்த உடலை அழகென்றும் மேன்மையென்றும் கருதியவர்கள் இவர்கள். நௌருவில் பூப்பெய்திய பெண்ணைத் தனியே இருத்தி ஊட்டிப் பருக்க வைக்கும் சடங்கே இருந்தது. பிறகென்ன வியப்பு என்பார்கள். சடங்கு இருந்தது உண்மை. நான்சி போலக் என்ற ஆய்வாளர் பசிபிக் முழுவதும் இத்தகைய வழக்கங்களைத் தொகுத்து எழுதியிருக்கிறார். ஆனால் அது சிலருக்கு, சில காலத்துக்கு, உற்றார் உறவினர் எல்லாரும் உழைத்துச் சேர்த்த உணவால் நடந்தது. ஒருத்தி பருக்க ஒரு குலமே வியர்வை சிந்த வேண்டியிருந்த காலத்தில்தான் பருமனுக்கு மதிப்பு இருந்தது. ஊரே பருத்த பின் அதற்கு அந்தப் பழைய மதிப்பை ஏற்றிச் சொல்வது காலத்தைக் குழப்புவது. தவிர, பெரிய உடலை விரும்பியவர்கள் பல நூற்றாண்டுகள் அந்த விருப்பத்தோடேயே பருக்காமல் வாழ்ந்தார்கள். விருப்பம் பழையது, நோய் புதியது.

சமூகம் எப்படி எதிர்கொண்டது என்று பார்த்தால், முதலில் எல்லா இடத்திலும் அறிவுரைதான். டோங்காவின் மன்னர் நான்காம் டௌஃபாஆஹாவ் டுபோவ் ஒரு காலத்தில் 200 கிலோவுக்கும் மேல் எடையிருந்தவர். 1990களில் தாமே உடற்பயிற்சி செய்து இளைத்துக் காட்டி, நாட்டுக்கே எடைக்குறைப்புப் போட்டி வைத்தார். நௌருவில் விமான ஓடுதளத்தைச் சுற்றி நடக்கும் பழக்கத்தை அரசே ஊக்குவித்தது. 2013இல் சமோவாவின் சிறு விமான நிறுவனம் ஒன்று பயணியின் எடைக்கேற்பக் கட்டணம் என்று அறிவித்து உலகச் செய்தியானது. இவற்றைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நடந்தவர்களுக்கு நன்மை கிடைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணம் என்னவென்றால், குறை உடலுக்குரியவரிடம் இருக்கிறது, அவரே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. வரி அடுத்த படி. 2007இல் நௌரு சர்க்கரைக்கும் சர்க்கரை மிகுந்த பொருள்களுக்கும் 30 விழுக்காடு தீர்வை விதித்தது. கூடவே குடிநீர்ப் புட்டிகள் மேலிருந்த தீர்வையை எடுத்தது. இந்த இரண்டாவது பாதி சிறியதாகத் தெரிந்தாலும் முக்கியமானது. ஒன்றை விலையேற்றுகிறவன் அதன் இடத்தில் எது வர வேண்டும் என்றும் சொன்னால்தான் வரிக்கு அர்த்தம் இருக்கும். 2016இல் கேரளம் பர்கர், பீட்சா விற்கும் பெரிய உணவகங்களுக்கு 14.5 விழுக்காடு கொழுப்பு வரி போட்டது; தெருமுனைப் பொரிப்பையும் வீட்டு எண்ணெயையும் அது தொடவில்லை, மாற்றாக எதையும் மலிவாக்கவும் இல்லை. வெளிநாட்டுப் பெயருள்ள உணவைத் தண்டிப்பது எளிது.

கப்பலையே நிறுத்தப் பார்த்தவர்கள் சிலர். 2000இல் ஃபிஜி லாம்ப் ஃப்ளாப் விற்பனையைத் தடை செய்தது. 2007இல் சமோவா வான்கோழி வாலைத் தடை செய்தது. அப்போது சமோவாவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 20 கிலோ வான்கோழி வால் தின்றதாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் சமோவா உலக வணிக அமைப்பில் சேரக் காத்திருந்த நாடு. ஓர் உறுப்பு நாட்டின் பொருளை மட்டும் இப்படி ஒதுக்கக் கூடாது என்ற நெருக்குதலில், தடையை விலக்கி இறக்குமதி வரியாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகே 2012 மே மாதம் அதற்கு உறுப்புரிமை கிடைத்தது. இங்கே சுதந்திரத்தின் பேரால் ஒரு நியாயமான கேள்வி உண்டு. வான்கோழி வாலை விரும்பித் தின்றவர்கள் சமோவாவின் ஏழைகள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் அதைச் சுட்டுப் பலபேர் பகிர்ந்து உண்டார்கள். அவர்களிடமிருந்து மலிவான இறைச்சியைப் பறிக்க ஓர் அரசுக்கு என்ன உரிமை? கள்ளைத் தடை செய்த பழைய நிர்வாகிகளின் குரல் இதிலும் கேட்கிறதே? கேட்கத்தான் செய்கிறது. வேறுபாடு இதுதான்: கள் அந்த மக்களின் உணவு ஏற்பாட்டின் உள்ளே விளைந்தது, அதை நீக்கியபோது உடலுக்கு வேண்டிய ஒன்று அறுந்தது. வான்கோழி வால் வேறொரு நாட்டின் இறைச்சிக் கூடத்துக் கழிவுக்கு வழி தேடி வந்தது; அதை நீக்கினால் உடலுக்கு அறுபடுவது எதுவுமில்லை. ஏழையின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அதே விலையில் மீனோ கோழியோ வைக்க வேண்டும் என்ற கடமை அரசுக்கு உண்டு. அதைச் செய்யாத தடை நியாயமில்லாதது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருப்பச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். தம் சொந்த ஊர்க் கடைத்தட்டில் பெரும்பாலும் ஏறாத சதையை விற்றவர்களின் பிரதிநிதிகள் பேர மேசையில் பேசிய சுதந்திரம் அது.

இங்கே என் வாதத்துக்கே ஓர் இடறல் இருக்கிறது. நௌரு உலக வணிக அமைப்பில் உறுப்பினரே இல்லை. எதையும் தடை செய்ய அதற்குத் தடையில்லை. ஆனாலும் அதனால் பெரிதாக எதையும் நிறுத்த முடியவில்லை. வணிக விதிகள் மட்டுமே குற்றவாளி என்று சொன்னால் இந்த ஒரு தீவே பொய்யாக்கிவிடும். சமோவா வான்கோழி வாலை நிறுத்திவிட்டுக் கிழங்கையும் ஈரப்பலாவையும் கைகாட்ட முடிந்தது, தோட்டம் இருந்ததால். நௌரு மாவை நிறுத்தினால் மறுவாரம் எதைத் தின்பது? 1989இல் நௌரு ஆஸ்திரேலியாவின் மேல் ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது: அறங்காவல் பொறுப்பில் இருந்தபோது தோண்டிய நிலத்தைத் திருத்தித் தரவில்லை என்று. விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 1992இல் நீதிமன்றம் சொன்னதும், 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தங்கள் பங்காக ஆளுக்கு 1.2 கோடி கொடுத்தன. வழக்கின் ஆவணங்களில் அது சுரங்கமும் நிலமும் பற்றிய வழக்கு. உடற்பருமனைப் பற்றிய மருத்துவ நூல்கள் அதைக் குறிப்பிடுவது அரிது. என் கணக்கில், அந்தத் தீவின் உடல்நலத்துக்காக நடந்த மிகப் பெரிய முயற்சி அதுதான். சர்க்கரைத் தீர்வையும் ஓடுதள நடையும் அதற்குப் பின்னால்தான் வரும்.

கூர்முனைக் காடு இன்னும் பெரும்பாலும் அப்படியேதான் நிற்கிறது. அவ்வளவு பாறையைத் தட்டிச் சமன்செய்து மண் பரப்ப அந்தத் தொகை எந்த மூலைக்கும் போதவில்லை. 2001 முதல், இடையே சில ஆண்டுகள் தவிர, ஆஸ்திரேலியா தனக்கு வேண்டாத அகதிகளை நௌருவில் தங்கவைக்கத் தரும் பணத்திலும், சூரை மீன்பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்களுக்கு விற்கும் உரிமத்திலும் நாடு ஓடுகிறது. கடல்மட்டம் உயர்ந்து கரையோரப் பட்டையை அரிக்கத் தொடங்கியதால், தோண்டிப் போட்ட மேட்டு நிலத்துக்கே மக்களை ஏற்றி, வீட்டோடு விளைநிலமும் அமைக்க ஒரு திட்டம் இருக்கிறது. அதற்குப் பணம் திரட்ட 2025 பிப்ரவரியில் நௌரு குடியுரிமையை விலைக்கு வைத்தது. அப்போதைய விலை ஆளுக்கு 1,05,000 அமெரிக்க டாலர் முதல்.